டூபியா, கிரிக்கெட் தொட்டிகளில் ஈத் தொல்லை: எது பலன் தந்தது, எது தரவில்லை

அரோவானா மீனுக்கு இரையாகச் சென்னை வீட்டில் சில ஆண்டுகளாக டூபியா கரப்பானும் கிரிக்கெட் பூச்சியும் வளர்த்துவருகிறேன். இதில் என்னை அதிகம் வதைத்தது ஈதான். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தொட்டி மூடியைத் திறக்கவே மனம் வராது.

முதலில் எந்த ஈ என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிவந்த கண்ணோடு பழத்துண்டைச் சுற்றுவது பழ ஈ. ஈரமான தென்னை நார்த்தூளிலிருந்து கிளம்பும், நீண்ட கால்களுடைய மெலிந்த கறுப்புப் பூச்சி பூஞ்சைக் கொசு. இவை இரண்டும் பெரிய தலைவலி இல்லை. கூன் விழுந்த முதுகோடு, விரட்டினாலும் உடனே பறக்காமல் சுவரில் நின்று நின்று ஓடுகிறதே, அதுதான் ஃபோரிட் ஈ. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கொசுவலைக் கண்ணில் எளிதாக நுழைந்துவிடும். செத்த பூச்சியிலும் நசநசத்த எச்சத்திலும் முட்டையிடும்.

கொசுப்புழுவை ஒழிக்கத் தண்ணீரில் கலக்கும் பிடிஐ பாக்டீரியா மருந்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பூஞ்சைக் கொசுவின் புழுவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஃபோரிட் புழு அதற்கு அசையவில்லை. அது வேறு வகை ஈ. வினிகரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு வைத்தால் பழ ஈ விழும். மஞ்சள் ஒட்டுத்தாளையும் வைத்திருக்கிறேன், ஆனால் அது எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் அளவுகோலாக மட்டுமே. வளர்ந்த ஈயைப் பிடித்துப் பிடித்து ஒரு தொட்டியும் சுத்தமானதில்லை.

டூபியா தொட்டியில் முழு வெற்றி தந்தது ஈரத்தை அறுத்ததுதான். டூபியா பெண் முட்டைகளை உடலுக்குள்ளேயே வைத்திருந்து குஞ்சாக ஈனுகிறது. ஆகவே தொட்டிக்குள் எதுவும் ஈரமாக இருக்கத் தேவையில்லை. கேரட்டை இரவில் வைத்துக் காலையில் எடுத்துவிடுகிறேன். உலர்ந்த எச்சம் குஞ்சுகளுக்கு உதவும், அதை விட்டுவைக்கலாம். கட்டிபட்ட எச்சத்தை மட்டும் சலித்து அகற்றுகிறேன். பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைக்கும் கோழிமுட்டை அட்டைகளைத் தயங்காமல் மாற்ற வேண்டும், ஏனெனில் ஈயின் கூட்டுப்புழுக்கள் அவற்றின் மடிப்புகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் ஈ குறையவே குறையாது. கூட்டுப்புழுவாக இருந்தவையெல்லாம் வெளிவந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று வாரம். இரண்டு தலைமுறை கடக்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

கிரிக்கெட் கடினம். அதன் முட்டைக்கு ஈரம் வேண்டும். வளர்ந்த பூச்சியோ சில வாரங்களே வாழும், ஆகவே தினமும் பிணம் விழும். முட்டையிடும் ஈர டப்பாவை ஓரிரவு மட்டும் வைத்து எடுத்து, வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டித் தனியே பொரிக்க விடுகிறேன். செத்ததைத் தினமும் பொறுக்குகிறேன். ஒருநாள் விட்டாலும் தெரிந்துவிடும். ஈயே இல்லாத கிரிக்கெட் தொட்டி எனக்கு வாய்க்கவில்லை. கட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவே.

செத்ததைத் தின்னும் பஃபலோ வண்டுகளை டூபியாவோடு விட்டதில் நல்ல பலன். கிரிக்கெட்டோடு விட மாட்டேன். தோலுரிக்கும் நேரத்தில் பூச்சியைக் கடித்துவிடும். தெர்மோகோல் பெட்டியில் வளர்ப்பவர்கள் வண்டை நினைக்கவே வேண்டாம், துளைத்துவிடும். கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி, தெளிப்பு மருந்து எதையும் அந்த அறையில் அனுமதிப்பதில்லை. அவற்றிலுள்ள பைரித்ராய்டு கரப்பானையும் கொல்லும், மீனுக்கும் நஞ்சு.

புதிதாக வாங்கும் பூச்சிகளை இப்போது நேராகத் தொட்டியில் சேர்ப்பதில்லை. அவை வந்த அட்டையையும் தவிட்டையும் அன்றே வெளியேற்றிவிட்டு, வேறொரு அறையில் மூன்று வாரம் தனி டப்பாவில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கிறேன்.