சீ ஹாரியர்: பன்னிரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்தவனின் அனுபவம்

கோவாவில் டபோலிம் ஐஎன்எஸ் ஹன்ஸா கடற்படை விமானத் தளத்தில் 2004 முதல் 2016 வரை, கப்பலிலிருந்து பறக்கும் போர் விமானமான சீ ஹாரியரின் பராமரிப்பில் இருந்தேன். இந்த விமானத்தை ஓட்டியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் கழற்றி மாட்டியவன், என் பக்கத்தைச் சொல்கிறேன்.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் பெயர் வாங்கிய பிரிட்டிஷ் விமானம் இது. மறுவருடம் டிசம்பரில் நமக்கான முதல் மூன்று டபோலிமில் வந்து இறங்கின. அந்தப் போரில் பிரிட்டனின் தலைமைக் கப்பலாக இருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் 1987-ல் விராட் என்ற பெயரில் நம்மிடம் வந்தது.

உப்புக்காற்றை நினைத்துக் கட்டிய விமானம். எஞ்சினின் மெக்னீசியம் பாகங்களுக்குப் பதில் அலுமினியம் போட்டிருந்தார்கள். மூக்கைப் பக்கவாட்டில் மடக்கினால் ரேடார் கைக்கு எட்டும், கப்பலின் லிஃப்டிலும் இடம் மிச்சமாகும்.

ஆனால் எஞ்சின் மாற்றுவது பெரும்பாடு. மற்ற ஜெட்களில் பெரும்பாலும் பின்னாலோ கீழேயோ எஞ்சினை எடுத்துவிடலாம். இதில் பெகசஸ் எஞ்சின் நடு உடம்பில், இறக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதனால் முழு இறக்கையையும் ஒரே துண்டாகத் தூக்க வேண்டும். எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் குழாய், இறக்கை நுனிக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, வாயை மூடி, அட்டை கட்டி வைப்போம். கிரேன் மெல்ல இறக்கையைத் தூக்கும்போது ஹேங்கரில் யாரும் பேச மாட்டார்கள். திரும்ப மாட்டும்போது பிரித்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது சீல், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர், வேண்டும். பழையதைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், இருந்தாலும் போடக்கூடாது.

அந்த சீல்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. ரப்பருக்கு அலமாரியிலேயே வயசாகும். ஒருமுறை நாலு மாதம் காத்திருந்து ஒரு பாக்கெட் வந்தது. உறை கிழிந்திருந்தது, தயாரிப்புத் தேதி அழிந்திருந்தது. "அண்ணே, புதுசு மாதிரிதானே இருக்கு?" என்றான் கூட வேலை பார்த்த தம்பி. விரலில் வளைத்துப் பார்த்தேன், விரிசல் ஒன்றும் இல்லை. ஆனாலும் திருப்பி அனுப்பினேன். தேதி தெரியாத சீலை நம்பி ஒருவரைக் கடலுக்கு மேலே அனுப்ப எனக்கு மனசு வராது. விமானம் மேலும் ஆறு வாரம் நின்றது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

2006-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் சீ ஹாரியர்களை ஓய்வுக்கு அனுப்பியது. அப்புறம் உலகத்திலேயே இதைப் பறக்கவிட்டது நாம் மட்டும்தான். ஒரே ஒருவர் வாங்கும் பாகத்தை யார் தொடர்ந்து செய்வார்கள்? நிற்கும் விமானத்தில் கழற்றிப் பறக்கும் விமானத்தில் மாட்டுவது, ஹேங்கர் பேச்சில் கேனிபலைஸ் செய்வது, கூடிக்கொண்டே போனது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு பாகத்துக்கு இரண்டு முறை வேலை, இரண்டு முறை பதிவு, கழற்றும்போது பக்கத்துப் பாகம் கெடும் ஆபத்து வேறு. இத்தனைக்கும் புது இஸ்ரேலிய ரேடாரும் டெர்பி ஏவுகணையும் ஏறியபின் விமானத்தின் கண்ணும் கையும் முன்னைவிடக் கூர்மையாகியிருந்தன.

2016 மே 11 அன்று சீ ஹாரியரை ஓட்டிய வெள்ளைப் புலிகள் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ரஷ்யப் போர் விமானமான மிக்-29கே-க்கு மாறியது. எங்கள் கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தில் ஒரு இடம் வரைந்திருக்கும். அன்று சாயங்காலம் அங்குல அளவு ஸ்பேனர்களை எண்ணி, துடைத்து, அந்தந்த இடத்தில் மாட்டினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.