12 மி.மீ. பீஸ், 25 மி.மீ. பிளேட், போனது 46,000 ரூபாய்

இப்போதுதான் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கோபம் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட் என்னுடையது. முதல்முறையாக 25 மி.மீ. பிளேட்டில் பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) ஆர்டர் வந்தது. வெல்டிங் புரொசீஜர் குவாலிஃபிகேஷன் கேட்டார்கள்; அதாவது, ஒரு பீஸை (மாதிரித் துண்டு) வெல்ட் செய்து லேபில் டெஸ்ட் பண்ணி, நம் வெல்டிங் முறை சரி என்று காட்ட வேண்டும். கிண்டிப் பக்கம் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்தேன். பேர் வேண்டாம். 46,000 ரூபாய், மொத்தமும் அட்வான்ஸ்.

டிராயிங்கை விரித்து, 25 என்ற எண்ணில் விரலை வைத்தே காட்டினேன். "12 மி.மீ. பீஸ் போதும்ணே. அரை இஞ்ச் போட்டுட்டா திக்னஸுக்கு லிமிட்டே கிடையாது" என்றார். டீ வரவழைத்தார். டெஸ்ட் முடிந்ததும் வெல்டை வளைத்துச் சோதித்த பெண்ட் துண்டுகள் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தார். லாடம் மாதிரி வளைந்திருந்தன, ஒரு விரிசல் இல்லை. அங்கேதான் விழுந்தேன். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேலையைச் சரிபார்க்கும் வெளி ஆளான தர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்டருக்குத் தப்பைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம்தான் ஆனது. "12 மி.மீ. பீஸுக்கு 5-லேர்ந்து 24 வரைதான் சார். உங்க பிளேட் 25." வெல்டிங் டெஸ்ட்டுகளுக்கான அமெரிக்க விதிநூல், ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9 அட்டவணையையே திறந்து காட்டினார். பீஸ் 10-க்கு மேல், 19-க்குள் என்றால் 5 மி.மீ. முதல் பீஸ் கனத்தின் இரண்டு மடங்கு வரையுள்ள பிளேட்தான் கவர் ஆகும். ஒரே ஒரு மி.மீ.! அந்த 'லிமிட் இல்லை' கணக்கு வெல்டருக்கு வைக்கிற டெஸ்ட்டில் வருவதாம். அதற்கும் 13 மி.மீ., குறைந்தது மூன்று லேயர் வேண்டும். ஆளின் கைத்திறனைப் பார்க்கும் வெல்டர் டெஸ்ட் வேறு, முறையைப் பார்க்கும் புரொசீஜர் டெஸ்ட் வேறு என்று தெரியாத ஆளுக்கு 46,000!

கன்சல்டன்ட்டுக்குப் போன் செய்தால் முதலில், "இன்ஸ்பெக்டருக்கு ரூல் தெரியலண்ணே." அப்புறம், "லேப்ல பேசுங்க." லேப்காரர்கள், "கொடுத்த பீஸை டெஸ்ட் பண்ணோம், பாஸ் ஆச்சு" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கன்சல்டன்ட்டிடம் நேரிலேயே போனேன். "புதுசா பண்ண இன்னொரு 30,000 ஆகும்ணே, உங்களுக்காகக் குறைச்சிருக்கேன்." குறைச்சிருக்காராம்!

சரி, பீஸ் வெட்டுவதற்கு முன்பே, எந்தக் கனத்திலிருந்து எந்தக் கனம் வரை கவர் ஆகும் என்று எழுதி வாங்குங்கள். இம்பாக்ட் டெஸ்ட் (திடீர் அடியைத் தாங்குமா என்று பார்ப்பது) உள்ள ஜாப் என்றால் கீழ் லிமிட்டும் மாறும், தனியாகக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீர்கள். இன்னும் எழுத இருந்தது, இப்போது முடியவில்லை. காலையில் அதே 25 மி.மீ. பிளேட்டின் மிச்சத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு லேபுக்குப் போகிறேன்.