மும்பைத் தமிழ் வாசகருக்கு அச்சுநூலா, மின்னூலா?

அச்சுநூலா மின்னூலா என்ற விவாதம் பெரும்பாலும் தாளின் மணத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. மும்பையில் வாழும் தமிழருக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இரண்டு உண்டு: நூல் எப்படிக் கைக்கு வரும், வந்தபின் அதை எங்கே வைப்பது?

தமிழர் மிகுந்த மாட்டுங்காவில் பஞ்சாங்கமும் பக்தி நூல்களும் எளிதாகக் கிடைக்கும். புதிதாக வெளிவந்த சிறுகதைத் தொகுப்பு வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியதும் இந்தக் காத்திருப்பு பெருமளவு குறைந்தது. பழந்தமிழ் நூல்களையோ, அவற்றை மின்வடிவில் தொகுத்து இணையத்தில் வைக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து விலையின்றியே இறக்கிக்கொள்ளலாம்.

இடத்தைப் பொறுத்தவரை மின்னூலுக்குப் போட்டியே இல்லை. ஒன் ரூம் கிச்சன் வீட்டில் புத்தக அலமாரிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வெளிச்சுவர் ஓரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தச் சுவரில் ஊறும் ஈரத்தில் தாள் நெளிந்து, அட்டையில் பூஞ்சை படர்ந்து, போதாக்குறைக்கு தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் வந்து சேரும். புறநகரான டோம்பிவிலியிலிருந்து நெரிசல் நேரத்து விரைவு மின்ரயிலில் ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பவர், தடித்த நாவலை மறு கையில் விரித்துப் படிப்பது நடவாத காரியம்.

ஆயினும் செய்யுள் என்று வரும்போது என் தீர்ப்பு மாறிவிடுகிறது. ஆறு அங்குலத் திரையில், கண்ணுக்கு இதமாக எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால், வெண்பாவின் நாற்சீர் அடி உடைந்து கடைசிச் சீர் அடுத்த வரியில் தனியே விழுகிறது. மூன்று சீரோடு முடியும் ஈற்றடிக்கும் மற்ற அடிகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாமலே போகிறது. உரைநூலில் பாட்டு ஒரு பக்கமும் விளக்கம் நான்கு பக்கம் தள்ளியும் இருந்தால், அச்சில் விரலை இடையே வைத்துப் புரட்டுவது நொடி வேலை. திரையில் அதுவே பொறுமைச் சோதனை. ஆகவே நாவலுக்கும் கட்டுரைக்கும் மின்னூல், திருக்குறளுக்கும் கம்பனுக்கும் அச்சு என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளைச் சிறு திரையில் படிக்க முயல வேண்டாம்; அவற்றுக்குப் பெரிய டேப்லெட்தான் தோது.

உரிமை விஷயத்தில் மின்னூல் பலவீனமானது. விற்கும் உரிமை இல்லாதவர் வெளியிட்டிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை 2009இல் அமேசான், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. இரவல் கொடுப்பதும் அப்படித்தான்: அச்சில் வந்த நாவல் ஒன்று அடுக்குமாடியில் நான்கு வீடு சுற்றிவரும், மின்னூலோ வாங்கியவரின் கணக்கோடு கட்டுண்டது என்பதால் கருவியையே தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை.