கிளிக்குக்குப் பணமா, இம்ப்ரஷனுக்குப் பணமா?

இணையதள விளம்பர வருமானத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. வாசகர் விளம்பரத்தைக் கிளிக் செய்தால் மட்டும் பணம் என்பது ஒன்று. கிளிக் விழுந்தாலும் விழாவிட்டாலும், விளம்பரம் காட்டப்படும் ஒவ்வொரு ஆயிரம் முறைக்கும், அதாவது ஆயிரம் இம்ப்ரஷனுக்கும், இவ்வளவு என்பது மற்றொன்று. தளங்களில் விளம்பரம் காட்டி, வருமானத்தில் தள உரிமையாளருக்குப் பங்கு தரும் கூகுளின் சேவையான ஆட்சென்ஸ், 2003இல் தொடங்கி நெடுங்காலம் கிளிக்கையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 2023 நவம்பரில் அறிவிப்பு வெளியிட்டு, 2024 தொடக்கத்தில் இம்ப்ரஷன் முறைக்கு மாறியது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 பக்கப் பார்வைகள் உள்ள ஒரு தளத்தில் பக்கத்துக்கு மூன்று விளம்பரங்கள் இருந்தால் 90,000 இம்ப்ரஷன்கள் சேரும். ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் கிடைக்கும். கிளிக் முறையில், ஆயிரம் இம்ப்ரஷனுக்கு இரண்டு கிளிக்குகள் விழுந்து ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் என்றாலும் அதே 3,600தான். தொகை ஒன்றாக இருந்தாலும், விளம்பரம் ஈர்க்காமல் போனால் வரும் நட்டம் இம்ப்ரஷன் முறையில் விளம்பரதாரரையும் கிளிக் முறையில் தள உரிமையாளரையும் சேர்கிறது. இதனாலேயே இம்ப்ரஷன் முறை தளம் நடத்தும் நமக்குச் சாதகம் என்று முடிவுகட்ட முடியாது. விளம்பர இடங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன; விளம்பரதாரர் பலர் இன்றும் கிளிக்கை வைத்தே ஏலம் கேட்கிறார்கள், அந்த விலையைத்தான் கூகுள் ஆயிரம் இம்ப்ரஷனுக்கான விலையாக மாற்றுகிறது. எவரும் கிளிக் செய்யாத பக்கத்துக்கு ஏல விலை தானாகவே இறங்கிவிடும்.

உண்மையான போட்டி, விளம்பரங்களைக் கூட்டுவதா, குறைவாக வைத்துக் கண்ணில் படச் செய்வதா என்பதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன தளத்தில் மூன்றை ஆறாக்கினால் இம்ப்ரஷன் இரட்டிப்பாகும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது தொடர்ந்து ஒரு நொடி திரையில் இருந்தால்தான் அது பார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது இத்துறையின் பொது அளவுகோல். கட்டுரையின் அடியில், பலர் உருட்டிப் போகாத இடத்தில் உள்ள விளம்பரம் இதில் தேறாது. ஏலத்தில் அதற்கு நல்ல விலையும் வராது. ஆயிரம் இம்ப்ரஷனுக்கான சராசரி விலை 40 ரூபாயிலிருந்து 22 ரூபாய்க்கு இறங்கி, எரிச்சலடைந்த வாசகர்கள் விலகியதால் பக்கப் பார்வையும் 27,000 ஆனது என்று கொள்வோம். இம்ப்ரஷன் 1,62,000 ஆக உயர்ந்தும் வருமானம் 3,564 ரூபாய்க்குச் சரிகிறது. இதில் ஏமாற்றக்கூடிய இன்னொரு எண்ணும் உண்டு: ஆயிரம் பக்கப் பார்வைக்கான வருமானமாகிய பேஜ் ஆர்பிஎம் 120 ரூபாயிலிருந்து 132 ரூபாயாக ஏறியிருக்கும். அறிக்கையில் இரண்டு எண்கள் உயர, கைக்கு வரும் பணம் மட்டும் குறையும்.

மதுரையில் படிக்கும் வாசகரைவிட டொராண்டோவில் படிக்கும் வாசகருக்குக் காட்டப்படும் விளம்பரத்துக்கு விலை பொதுவாக அதிகம் என்பதால், இம்ப்ரஷன் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு தமிழ்த் தளங்களை ஒப்பிடுவதும் பொருந்தாது. உள்ளூர் நகைக்கடை மாதத்துக்கு இவ்வளவு என்று நேரடியாகத் தரும் விளம்பரம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பது, கிடைத்தால் விடக்கூடாது.

என் தேர்வு குறைந்த விளம்பரங்களே. கூட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்த்து, தீபாவளி மாதத்தை ஜனவரியோடு ஒப்பிடாமல், அருகருகே உள்ள வாரங்களின் மொத்த வருமானத்தையும் திரும்பி வரும் வாசகர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.