சிம்மக்கல் ஞாயிறு வகுப்பு: இடது எது, வலது எது

மதுரை சிம்மக்கல்லில் ஒரு வீட்டு மாடியில், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நடத்தும் அரசியல் கொள்கைகள் வகுப்புக்கு நான்கு ஞாயிறு போய் வந்தேன். கட்டணம் 500 ரூபாய். குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதி, என்னைப் போலத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் பாதி. தாராளமாகப் போகலாம், நான் அடுத்த முறையும் போவேன்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். 10 மணி வகுப்பு 10.40க்குத் தொடங்கியது. 1789இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் மன்னர் பக்கம் நின்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தவர்கள் இடப்புறமும் உட்கார்ந்ததில் பிறந்த சொற்கள்தான் அரசியலில் சொல்லும் இடது, வலது என்பதற்கு ஒரு மணி நேரம் தேவையில்லை.

இரண்டாவது வாரம் வேறு மாதிரி. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கூட்டல் குறி போல இரண்டு கோடு இழுத்தார். படுக்கைக் கோடு பொருளாதாரம்: இடது ஓரத்தில் ஆலையும் நிலமும் பொதுச்சொத்து என்பவர்கள், வலது ஓரத்தில் போலீசும் கோர்ட்டும் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள், இடையில் சந்தை இருக்கட்டும், ஆனால் வரி வாங்கிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரசு நடத்தட்டும் என்கிற சமூக ஜனநாயகவாதிகள். நிற்கும் கோட்டில் மேலே போகப் போக மரபும் கட்டுப்பாடும், கீழே தனிமனித விருப்பம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து அவரவர் இடத்தில் வைக்கச் சொன்னார். என் பக்கத்தில் முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்த பெரியவர். கொட்டையை இடது ஓரத்துக்கே கொண்டுபோனார். "மக வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிறேன்னா என்னண்ணே செய்வீங்க?" என்று பேராசிரியர் கேட்டதும், விரலை எடுக்காமல் அப்படியே மேலே நகர்த்தினார். மேலே, கோடு முடிகிற இடம் வரைக்கும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆட்களை ஒரே கோட்டில் வைத்து இத்தனை வருடம் அளந்தது எவ்வளவு தப்பு என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

என் அப்பாவுக்கு மில் மூடியபிறகு கிராஜுவிட்டி கைக்கு வர ஆறு வருடம் ஆனது. அதனால் முதலாளி தரப்பு வாதம் என்றாலே எனக்குக் காது அடைத்துவிடும். பேராசிரியர் அதையும் உட்கார்ந்து கேட்க வைத்தார். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை ஏற எந்த அதிகாரியும் உத்தரவு போடுவதில்லை, அந்த விலையே தோட்டக்காரருக்குச் சேதி சொல்லிவிடுகிறது என்றார். சரி என்று தலையாட்டும்போதே, பூப்பறிக்கிற பெண்ணின் கூலியும் அதே அளவு ஏறுகிறதா என்று அடுத்த கேள்வியையும் அவரே போட்டார். நான்கு வாரத்தில் அவர் ஓட்டு எந்தக் கட்சிக்கு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் ராஜாஜி. 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தொழில் நடத்த எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் லைசென்ஸ்-பெர்மிட் ஆட்சியையும் கூட்டுறவுப் பண்ணையையும் எதிர்த்த, பொருளாதாரத்தில் அசல் வலதுசாரிக் கட்சி. அதுவே 1967 தேர்தலில் திமுக அணியில் மார்க்சிஸ்ட் கட்சியோடு ஒரே பக்கம் நின்று காங்கிரஸை இறக்கியது. கூட்டணியை வைத்துக் கொள்கையை எடை போடக் கூடாது என்பது அப்படியே மனதில் நின்றுவிட்டது. 'லிபரல்' குழப்பமும் தீர்ந்தது: 1991க்குப் பிறகு நாம் தாராளமயம் என்பது சந்தையைத் திறந்துவிடுவதை, அமெரிக்காவில் லிபரல் என்றால் இடது பக்கம் சாய்ந்தவர்.

குறை என்றால் கடைசி வாரம் ஒரே ஓட்டம். பாசிசத்துக்குப் பதினைந்து நிமிடம், சுற்றுச்சூழல் அரசியலும் பெண்ணியமும் அறவே இல்லை. அவை அந்தத் தரையில் எங்கே விழும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் காத்திருந்தேன், அவரிடமும் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஜெராக்ஸ் தாள்களில் பாதி எழுத்து தெரியாது, சொந்தமாக நோட்டு எடுத்துப் போங்கள். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. முட்டிவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே திண்ணையிலேயே வகுப்பு வைக்கிறார், அந்தப் பெரியவருக்காக மூன்றாவது வாரம் அப்படித்தான் நடந்தது.