வினாத்தாளா, படமா? ஆலோசனை அறையில் எந்த மதிப்பீடு எதற்கு

மனநல ஆலோசகரின் மேசையில் ஒரு பக்க வினாத்தாள் இருக்கும். கலைச் சிகிச்சையாளரின் மேசையில் பெரிய வெள்ளைத் தாளும் ஒரு டஜன் வண்ண மார்க்கர்களும் இருக்கும். இரண்டு தரப்புக்கும் மற்றவரின் கருவி மேல் சந்தேகம் உண்டு. மனசை எண்ணால் அளக்க முடியுமா என்பது ஒருவர் கேள்வி. படத்தைப் பார்த்துக் குறி சொல்வதா என்பது இன்னொருவர் கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

கருவியை எடுப்பதற்கு முன், எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வேதனை எவ்வளவு, கூடுகிறதா குறைகிறதா என்பது ஒரு கேள்வி. அந்த வேதனை அவருக்கு எப்படி இருக்கிறது என்பது வேறொன்று. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் கருவி இல்லை.

எண்ணின் பலமும் அதன் கண்மறைவும்

மனச்சோர்வுக்கு அதிகம் புழங்குவது பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டுமே கேட்கும். 5, 10, 15, 20 என்ற எல்லைகளில் கடுமை ஒவ்வொரு படியாக ஏறும். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7: ஏழு கேள்விகள், மொத்தம் 21, எல்லைகள் 5, 10, 15. இரண்டையும் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடலாம், கட்டணமும் இல்லை. பெக்கின் மனச்சோர்வு அளவையின் 1996 பதிப்பில் 21 கேள்விகள், மொத்தம் 63; அதை விலைக்கு வாங்க வேண்டும். தொடர்ந்து அளப்பதற்கு முதல் இரண்டே பெரும்பாலும் போதும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. இருவர் 12 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தூக்கம், சோர்வு, பசி, கவனம் ஆகிய நான்கிலும் 3. மனநிலைக் கேள்விகள் எல்லாம் 0. இன்னொருவருக்கு ஆர்வமின்மை, துக்கம், தன்னைத் தாழ்வாக நினைத்தல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஆகிய நான்கிலும் 3. தாளின் அடியில் இருக்கும் எண் ஒன்றுதான். முதலாமவரை உடல் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, நாள்பட்ட வலி, கர்ப்பகாலம் எல்லாம் அந்த நான்கு கேள்விகளை ஏற்றிவிடக்கூடியவை. இரண்டாமவர் அன்றைக்கே தனிக் கவனம் பெற வேண்டியவர்.

பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, சாவு அல்லது தன்னைக் காயப்படுத்துவது பற்றிய எண்ணத்தைக் கேட்பது; அது பற்றி விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்று உண்டு. அதில் 0 தவிர எது வந்தாலும், அதே அமர்வில் வாய்திறந்து கேட்க வேண்டும்: எண்ணம் எத்தனை தடவை வருகிறது, வழி ஏதாவது யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இதுவரை தடுத்தது எது. காத்திருப்பு அறையில் நிரப்பிய தாளை அமர்வு முடிந்த பிறகு கூட்டிப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது. தாளை வாங்கியதும் கண் முதலில் அந்த வரிக்குப் போகட்டும்.

அமர்வுக்கு அமர்வு மாற்றத்தைப் பார்க்க, வந்தவர் தன் நலத்தைத் தானே குறிக்கும் ஓ.ஆர்.எஸ் (Outcome Rating Scale) என்ற தாள் இன்னும் சுருக்கமானது. 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குறி, அளவுகோலால் அளந்து கூட்டினால் 40-க்கு எவ்வளவு என்று வந்துவிடும். பெரியவர்களுக்கு எல்லைப் புள்ளி 25. இதில் எண் குறைந்தால் வேதனை அதிகம், பி.எச்.க்யூ-9 இதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, நலம் கூடியவரைச் சரிவில் இருப்பதாகப் படிக்கும் பிழை நேரக்கூடியது. இதையும் நகலெடுக்கும்போது கவனிக்க வேண்டும்: ஒளிநகல் இயந்திரம் தாளைச் சுருக்கினால் கோடு 9.4 சென்டிமீட்டராகிவிடும்.

படங்களில் இரண்டு வகை

"படம் வரையச் சொல்வது" என்று ஒரே பெயரில் வழங்கினாலும் உள்ளே இரண்டு வெவ்வேறு தர்க்கங்கள் இருக்கின்றன. இவற்றைக் கலப்பதால் வரும் சேதம்தான் பெரிது.

முதல் வகை, குறியீடு படிப்பது. ஜான் பக் 1948-ல் முன்வைத்த வீடு-மரம்-மனிதர் படம், பர்ன்ஸும் காஃப்மனும் 1970-ல் விரிவாக்கிய செயல்படும் குடும்பப் படம் இந்த வகை. குடும்பப் படத்தில், வரைபவர் தன்னையும் சேர்த்து, குடும்பத்தில் எல்லோரும் ஏதாவது செய்துகொண்டிருப்பது போல வரைய வேண்டும். பேச்சைத் தொடங்குவதற்கு அருமையான வழி இது. ஆனால் மரத்தில் பொந்து இருந்தால் பழைய காயம், பெரிய கண் இருந்தால் சந்தேகபுத்தி என்று அகராதி போட்டுப் படிக்க ஆரம்பித்தால் கால் வழுக்கும். 1967-ல் லோரன், ஜீன் சாப்மன் இருவரும் மனிதப் படங்களோடு நோய்க்குறிகளைக் கண்டபடி இணைத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். படத்துக்கும் குறிக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் பெரிய கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் தொடர்பு "தெரிகிறது" என்று மாணவர்கள் சொன்னார்கள். அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளர்கள் நம்பிவந்ததும் அதுவேதான். எதிர்பார்ப்பு கண்ணை இழுத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கான அனுபவம் இதைத் திருத்தாது, கெட்டிப்படுத்தவே செய்யும்.

இரண்டாவது வகை, படம் *எப்படி* வரையப்பட்டிருக்கிறது என்று அளப்பது. கலைச் சிகிச்சைக்கென லிண்டா கேன்ட், கார்மெல்லோ டபோன் இருவரும் உருவாக்கிய ஃபீட்ஸ் (FEATS) அளவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையேடு 1998-ல் வந்தது. 12-க்கு 18 அங்குல வெள்ளைத் தாள், பன்னிரண்டு மார்க்கர்கள், ஒரே ஒரு கட்டளை: "ஒருவர் மரத்திலிருந்து ஆப்பிள் பறிப்பது போல வரையுங்கள்." பிறகு பதினான்கு அளவைகளில் 0 முதல் 5 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் போடலாம். நிறம் எவ்வளவு, பொருளுக்குப் பொருந்துகிறதா, வரைய எவ்வளவு ஆற்றல் செலவாகியிருக்கும், இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஆளும் மரமும் சேர்ந்து நிற்கின்றனவா, கோட்டின் தன்மை, தேவையின்றி ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போடுதல் என்று போகும் பட்டியல் அது.

ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தாளின் இடது கீழ் மூலையில் கறுப்பு மார்க்கரால் ஒரு குச்சி ஆள். வலப்புறம் மரம், பச்சைக் கோட்டால் வெளிவரை மட்டும். ஆப்பிள் ஒன்று மரத்தில், கை அதை எட்டவில்லை, ஏணியும் கோலும் இல்லை. நிறம், ஆற்றல், இடம், விவரம் எல்லாவற்றிலும் மதிப்பெண் தாழ்வாக வரும். பிரச்சினையைத் தீர்த்தல் என்ற அளவையிலும் அப்படியே, ஆப்பிள் கைக்கு வரவுமில்லை, வருவதற்கு வழியும் வரையப்படவில்லை. ஆனால் தர்க்கத்தில் குறை இல்லை, மரம் மரமாகவும் ஆள் ஆளாகவும்தான் இருக்கிறார்கள். கடும் மனச்சோர்வில் எதிர்பார்க்கும் வடிவத்தோடு இது ஒத்துப்போகிறது. நாம் சொல்லக்கூடியது அவ்வளவுதான். "கை எட்டாதது தந்தையின் பாசம் கிட்டாததைக் காட்டுகிறது" என்று எழுதிய கணத்தில் நாம் முதல் வகைக்குத் தாவிவிட்டோம்.

பாரி கோஹனின் டி.டி.எஸ் (Diagnostic Drawing Series) என்ற படத் தொடர் இதற்கு மூத்த போட்டியாளர். 18-க்கு 24 அங்குலத் தாள், பன்னிரண்டு நிற பேஸ்டல், மூன்று படங்கள்: விருப்பப்படி ஒன்று, ஒரு மரம், உணர்வைக் கோடும் வடிவமும் நிறமுமாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட வரம்பு. கட்டுப்பாடு இல்லாத பணி, கட்டுப்பட்ட பணி, நேரடியாக உணர்வைக் கேட்கும் பணி மூன்றிலும் ஒருவர் எப்படி மாறுகிறார் என்று பார்க்கலாம் என்பதே இதன் பெரிய வரவு. விலை, ஒரு முழு அமர்வே போய்விடும். திரும்பத் திரும்ப அளக்க வேண்டுமென்றால் ஆப்பிள் படம். சிகிச்சைத் தொடக்கத்தில் ஒருமுறை ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் டி.டி.எஸ். என் தேர்வு இதுதான்.

படம் எங்கே பொய்த்துப்போகும்

மனநோய் மருந்துகள் சில கைநடுக்கம் தரும். கோட்டுத் தன்மையின் மதிப்பெண் அதனால் விழும், நோயால் அல்ல. மூட்டுவலி, பார்வைக் குறைவு, நிறக்குருடு ஆகியவற்றை வரையத் தொடங்கும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பிறகு மார்க்கரையே தொடாதவர் குச்சி ஆளைத்தான் போடுவார். நான்கு வயதுக் குழந்தை தலையிலிருந்தே கை, கால் முளைத்த உருவம் வரைவது இயல்பான வளர்ச்சி. அது வேறு எதற்கும் அறிகுறி அல்ல.

பொருளிலும் கவனம் தேவை. பழுப்பு மார்க்கர் காய்ந்துபோனால் மரத்தண்டு கறுப்பாகும், நிறப் பொருத்தம் குறையும். கட்டளையோடு "பயப்படாதீங்க, அழகா வரைய வேண்டியதில்லை, மனசில தோணுறதைப் போடுங்க" என்று நீட்டிச் சொன்னாலே பணி வேறாகிவிடும்; அழகு முக்கியமில்லை என்ற விளக்கத்தைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும்.

மதிப்பெண் போடுவதை இருவர் தனித்தனியே, பெயரும் நோய்க்குறியும் தெரியாமல் செய்வது நல்லது. பல படங்கள் இருந்தால் எல்லாப் படங்களுக்கும் ஒரு அளவையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே படத்துக்குப் பதினான்கையும் ஒரேயடியாகப் போட்டால், முதல் இரண்டு மதிப்பெண்ணின் சாயல் மீதி எல்லாவற்றிலும் படியும்.

இரண்டையும் சேர்த்து வைக்கும்போது

முதல் அமர்வில் வினாத்தாள் முந்தட்டும். ஆபத்து தெரிந்தால் பேச நேரம் மிச்சமிருக்கும். அதன்பின் படம். துக்கம் பற்றிய கேள்விகள் படத்துக்குள் கசியும் என்பது உண்மைதான், அதற்காக வரிசையை மாற்ற வேண்டாம். மறுமுறை அளக்கும்போதும் அதே வரிசையை வைத்தால் கசிவு இரண்டிலும் சமமாக இருக்கும். படம் முடிந்ததும் குறைந்தது பத்து நிமிடம் வரைந்தவரே அதைப் பற்றிப் பேசட்டும். "இது யார்?" என்று கேட்பதைவிட "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்பது மேல்.

பி.எச்.க்யூ-9 எண் 18, படமோ நிறமும் விவரமுமாக நிறைந்திருக்கிறது என்றால் எதை நம்புவது? கடுமைக்கு எண்ணையே எடுங்கள். முரண்பாட்டை வந்தவர் முன்னாலேயே வைத்துக் கேளுங்கள். எண் 3, படம் வெறிச்சோடிக் கிடந்தால், அவர் தாளில் குறைத்துச் சொல்லியிருக்கலாம், வரையப் பிடிக்காமலும் இருக்கலாம். அப்போதும் படம் ஒரு கேள்விதான், தீர்ப்பு அல்ல. தற்கொலை ஆபத்தைப் படத்தை வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ எழுதவே கூடாது.

அறிக்கையில் கண்டதை முதலிலும், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அடுத்தும், நம் ஊகத்தைத் தனிப் பத்தியிலும் எழுதுங்கள். படம் அவருடையது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பெரிய தாள் கோப்பில் அடங்காது என்பதற்காக மடித்தால் பேஸ்டல் உதிர்ந்து அடுத்த பாதியில் ஒட்டும். தட்டையாக, இடையில் வழவழப்பான தாள் வைத்து அடுக்கி, பின்புறம் தேதியும் எந்தப் பக்கம் மேல் என்ற அம்புக்குறியும் போட்டுவையுங்கள்.