பதினோரு வருடமாக ஒரு 1963 பியூக் ரிவியேரா

மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். இந்த வண்டி வந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றும் கேரேஜ் விளக்கைப் போட்டதும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பேன்.

17 அடிக்கு மேல் நீளம், கதவு இரண்டே இரண்டு. 1959 காடிலாக்கில் வால் துடுப்பு வானத்தைப் பார்த்து நிற்கும். அதைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நான்கே வருடத்தில் துடுப்பே இல்லாத இந்த ரிவியேராவைச் செய்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு லண்டனில் பார்த்த ஒரு ரோல்ஸ் ராய்ஸின் கூர்மையான விளிம்புகள் மனதில் தங்கிவிட்டன. அதை வண்டியாக வரைந்தவர் நெட் நிக்கிள்ஸ்.

கையால் கழுவினால்தான் இதன் அழகு பிடிபடும். முன் சக்கரத்துக்கு மேலே துணியை வைத்து இழுத்தால், இஸ்திரி போட்ட வேட்டி மடிப்பு மாதிரி ஒரு விளிம்பு கதவு வரை நேராகப் போகும். பின் சக்கரத்தை நெருங்கும்போது இடுப்பு போல மெல்ல எழும். சாயங்கால வெயிலில் அதற்கு மேலே பளிச்சென்றும் கீழே நிழலாகவும் இருக்கும்.

நான்காம் வருடம் பார்க்கிங்கில் யாரோ கதவை உரசிவிட்டுப் போனார்கள். ஒரு பட்டறையில் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். நிறம் அச்சாகப் பொருந்தியது, ஆனால் விளிம்பு மழுங்கிவிட்டது. வண்டியே வீங்கின மாதிரி தெரிந்தது. மனசு கேட்கவில்லை. வேறொருவரிடம் கொடுத்து, தகடு வரை சுரண்டி, மறுபடி எடுத்தோம்.

கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது, நடுத் தூணும் இல்லை. எல்லாக் கண்ணாடியையும் இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்துகொள்ளும். பின்சீட்டில் இருப்பவர் திறக்க அதே கதவில் தனியாக ஒரு கைப்பிடி உண்டு. சின்ன வயதில் என் மகள் அதைத் தானே இழுத்துத்தான் இறங்குவாள்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். 401 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 325 குதிரைத்திறன். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. நான்கு சக்கரத்திலும் பழைய வகை டிரம் பிரேக்தான், அதனால் முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் மாதங்களில், துருப்பிடிக்கும் என்று, வெளியே எடுப்பதே இல்லை.

1965 மாடலில் முகப்பு விளக்குகளை ஃபெண்டர் (முன் சக்கரத்தை மூடும் தகடு) முனையிலுள்ள கிரில் என்ற கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். அதன் முகம் இதைவிட அழகு, ஒப்புக்கொள்கிறேன். எந்த வருடத்தது வாங்கினாலும், முதலில் வண்டிக்குப் பின்னால் குனிந்து அந்த விளிம்பை நுனியிலிருந்து நுனிவரை பாருங்கள். எங்காவது நெளிந்தால் உள்ளே பட்டி இருக்கிறது.